தடைக்காலம் இரண்டு, டிக்கெட் ஒன்று

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் விட்டும், சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 31. பி.காம். படித்தவர். மீன் ஏல வியாபாரிகளும் படகு உரிமையாளர்களும் கணக்கு வைத்துக்கொள்வதற்கான மென்பொருளைத் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் ஐந்து வருடம் கஸ்டமர் சப்போர்ட்டில் இருந்தார். வாடிக்கையாளர்களை நன்றாகத் தெரியும் என்பதால் பத்து மாதத்துக்கு முன் அவரைப் புராடக்ட் மேனேஜர் ஆக்கினார்கள், அதாவது மென்பொருளில் எதைச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்பவர். இன்ஜினியர்கள் ஏழு பேர், எல்லாரும் ஆண்கள். அவர்களுக்கு லீடாக இருப்பவர் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் இவர் ‘அண்ணன்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

சிக்கல் தடைக்கால மெசேஜில் தொடங்கியிருக்கிறது. வியாபாரிகள் படகுகளுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். வாரத் தவணையை நினைவூட்டி மென்பொருளே படகுக்காரருக்கு மெசேஜ் அனுப்பும். மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த மெசேஜ் போகக் கூடாது என்று ஒரு வியாபாரி கேட்டார். வாசகி டிக்கெட்டில் (இன்ஜினியர்களுக்கு வேலையை எழுதிக் கொடுக்கும் குறிப்பு), “ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தவணை மெசேஜை நிறுத்த வேண்டும்” என்று எழுதினார். இன்ஜினியர்கள் அப்படியே செய்தார்கள். கேட்ட வியாபாரி கிழக்குக் கரையிலுள்ள சின்னமுட்டத்துக்காரர். மேற்குக் கரையிலுள்ள குளச்சலிலும் முட்டத்திலும் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சல் படகுகள் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஏப்ரல், மே மாதங்களில் மெசேஜ் போகவில்லை. படகைக் கட்டிப்போட்ட பிறகு, ஜூன் 15 காலையில், அத்தனை பேருக்கும் ‘தவணை பாக்கி’ என்று போய் விழுந்தது. “படகு கெட்டிக் கெடக்கு, ஒங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு இல்லியா?” என்று ஒருவர் போனில் கத்தியிருக்கிறார்.

அன்று மீட்டிங்கில் இன்ஜினியர்கள், “நீங்க எழுதினதத்தான் செஞ்சோம்” என்றார்கள். “டீம்ல ரெண்டு பேரு குளச்சல்காரங்க, உங்களுக்குத் தெரியாதா?” என்று இவர் கேட்டார். அண்ணன், “சொன்னா உங்களுக்குப் புரியாது, விடுங்க” என்றார். அதோடு பேச்சு குறைந்துவிட்டது.

இன்னும் இரண்டு மனத்தாங்கல்கள். ஒரு வேலைக்கு ‘ரெண்டு வாரம் ஆகலாம்’ என்று அண்ணன் சொன்னதை இவர் சேல்ஸ் வாட்ஸ்அப் குழுவில் தேதியாகப் போட்டார். வேலை ஐந்து வாரம் இழுத்தது, சேல்ஸ்காரர் இவரைத்தான் பிடித்தார். அடுத்தது, பில்லிங் பகுதியின் பழைய கோடை, அதாவது மென்பொருள் நிரலை, திருத்தி எழுத ஒரு மாதம் வேண்டும் என்று இன்ஜினியர்கள் கேட்கிறார்கள். எம்.டி.யோ, “புதுசா ரெண்டு பசங்கள எடுத்துக்கலாம், புது வேலைய நிறுத்தாதீங்க” என்கிறார். இது சோம்பேறித்தனமோ என்று வாசகிக்கும் உள்ளூரச் சந்தேகம்.

அவருடைய கேள்விகள்: நான் கோட் எழுதப் படிக்கட்டுமா? எம்.டி.யிடம் அண்ணனைப் பற்றிப் புகார் சொல்லட்டுமா? பேசாமல் சப்போர்ட் வேலைக்கே திரும்பிவிடட்டுமா, இல்லை வேறு இடம் பார்க்கட்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நான் பதினோரு வருடம் கோட் எழுதியவன். பிறகு நீங்கள் இருக்கும் நாற்காலியில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவன். இப்போது சிறு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். இரண்டு பக்கத்திலும் அடி வாங்கியிருப்பதால், உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவில் நின்று கொஞ்சம் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மரியாதை கிடைக்கவில்லை என்ற வருத்தம்தான் அதில் ஓங்கி நிற்கிறது. ஆனால் எனக்கு அந்தத் தடைக்கால டிக்கெட்தான் முக்கியமாகப் படுகிறது. அதை அவிழ்த்தால் மற்ற முடிச்சுகள் பாதி தானாகத் தளரும். எனவே அதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த டிக்கெட்டில் என்ன குறை?

தேதி தவறு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தேதி சரிதான், சின்னமுட்டத்துக்குச் சரி. நம் குமரி மாவட்டம் இரண்டு கரையிலும் கால் வைத்திருக்கிறது. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். இது உங்களுக்கும் தெரிந்துதான் இருக்கும், டிக்கெட் எழுதிய அன்று நினைவில் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்கடியில் இன்னொன்று கிடக்கிறது. தடை விசைப்படகுகளுக்கு. வள்ளமும் கட்டுமரமும் அந்த நாட்களிலும் கடலுக்குப் போகின்றன. உங்கள் வியாபாரிகளில் வள்ளக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் இருப்பார்களே, அவர்களுடைய வசூல் மெசேஜும் இரண்டு மாதம் நின்றிருக்கும். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. யாரும் புகார் சொல்லாததால் உங்கள் கண்ணில் படவில்லை என்று ஊகிக்கிறேன்; பணம் கேட்டு மெசேஜ் வரவில்லை என்று யார் புகார் சொல்லப்போகிறார்கள்? தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல கொச்சியில் கரை சேர்வதும் உங்களுக்குத் தெரியும். கேரளத்தில் ட்ராலிங் (இழுவலை) தடை 52 நாள், ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை. அந்தப் படகுகளில் எதற்கு எந்தக் கணக்கு என்று படகுக்காரரிடமே கேட்டால்தான் தெரியும். போதாததற்கு இந்தத் தேதிகள் கல்லில் வெட்டியவையும் இல்லை. கொரோனா வந்த 2020-இல் இரண்டு கரைக்கும் 47 நாளாகக் குறைத்தார்கள். கோடுக்குள் தேதியைப் பதித்து வைத்தால் அரசாணை மாறும்போதெல்லாம் இன்ஜினியரைத் தேட வேண்டிவரும்.

இப்போது உங்கள் டிக்கெட்டைத் திரும்பப் பாருங்கள். வாடிக்கையாளர் சொன்ன தீர்வை அப்படியே எடுத்து இன்ஜினியரிடம் கொடுத்திருக்கிறீர்கள். பிரச்சினை என்ன என்பது அதில் இல்லை. “கடலுக்குப் போக முடியாத படகுக்காரருக்குப் பணம் கட்டச் சொல்லி மெசேஜ் போகக் கூடாது” என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குளச்சல் தம்பிகள் இருவரில் ஒருவராவது, “எந்தப் படகு? எந்தத் துறைமுகம்?” என்று கேட்டிருப்பார். ஒவ்வொரு படகுக்கும் துறைமுகம், படகு வகை என்று இரண்டு விவரங்களைச் சேர்த்து, தடைத் தேதிகளைத் தனிப் பட்டியலில் வைத்து, அதை சப்போர்ட்டில் இருப்பவர்களே மாற்றும்படி செய்யலாம் என்று அண்ணனே சொல்லியிருப்பார். தேதியைக் கையில் கொடுத்ததும் அவர்களுக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

“உங்களுக்குத் தெரியாதா?” என்று நீங்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. குளச்சலில் பிறந்தவருக்கு ஆனி மாதம் படகு எங்கே நிற்கும் என்று டிக்கெட் வந்து சொல்ல வேண்டியதில்லை. “நீங்க எழுதினதத்தான் செஞ்சோம்” என்பது வேலையைக் கைகழுவிவிடும் பேச்சு. அவர்களிடமும் குறை உண்டு. ஆனால் தெரிந்ததைச் சொல்லும் பழக்கம் கேட்கிற இடத்தில்தான் வளரும். கேட்காத இடத்தில் ஆட்கள் பைய வாயை மூடிக்கொள்வார்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ரப்பர் வியாபாரிகளுக்கான மென்பொருள் ஒன்றில், பால் எத்தனை கிலோ என்று பதிந்து அதை விலையால் பெருக்கினால் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். வியாபாரியிடம் கொண்டுபோய்க் காட்டியபோது சிரித்தார். ரப்பர் பாலுக்கு விலை அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்பதை வைத்துத்தான். ஒரே எடையுள்ள இரண்டு கேன் பாலுக்கு இரண்டு விலை வரலாம். அந்த சதவீதத்துக்கு நான் ஒரு கட்டம்கூட வைக்கவில்லை. திரும்பி வந்து டீமிடம் சொன்னால், அருமனைப் பக்கத்துத் தம்பி ஒருவர், “எங்க வீட்லயும் பால்வெட்டுதான் சார்” என்றார். மூன்று வாரம் அந்தக் கோடை எழுதியவரே அவர்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க வியாபாரிகிட்ட பேசிட்டுதான் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் புராடக்ட் மேனேஜர்கள் வாடிக்கையாளரைப் பார்க்க விமான டிக்கெட் போடுகிறார்கள். உங்களுக்கு டவுன் பஸ் போதும். டீமில் பாதிப் பேரின் வீட்டிலேயே மீனோ ரப்பரோ வாழையோ இருக்கும். இதைப் பயன்படுத்தாமல் டிக்கெட்டை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால், சேல்ஸ் சொன்னதை இன்ஜினியரிடமும் இன்ஜினியர் சொன்னதை சேல்ஸிடமும் கொண்டு சேர்க்கும் தபால் வேலைதான் மிஞ்சும். தபால்காரரிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. மரியாதைக் குறைவு என்று நீங்கள் உணர்வதில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

எனவே முதல் வேலையாக, ரிலீஸ் எதுவும் இல்லாத ஒரு நாளில் இரண்டு இன்ஜினியர்களைக் குளச்சல் ஏலக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு போனால் சுற்றுலா ஆகிவிடும். வியாபாரி உங்கள் மென்பொருளை எப்போது திறக்கிறார், ஏலச் சத்தத்துக்கு நடுவிலேயா, வீட்டுக்குப் போய் ராத்திரியிலா? முதலில் நோட்டில் எழுதுகிறாரா? ஈரக் கையோடு போனைத் தொட முடிகிறதா, வெயிலில் திரை தெரிகிறதா? இதையெல்லாம் நீங்கள் போய் வந்து சொல்வதைவிட அவர்களே பார்ப்பது மேல். அங்கே வியாபாரி எதைக் கேட்டாலும் “செஞ்சு தாறோம்” என்று மட்டும் யாரும் வாயை விடக் கூடாது. இதைப் பஸ்ஸிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஆகலாம்’ என்றது எப்படி ‘ஆகும்’ ஆனது?

அண்ணன் சொன்னது ‘ரெண்டு வாரம் ஆகலாம்’. நீங்கள் வாட்ஸ்அப்பில் போட்டது ஒரு தேதி. இடையில் ஒரு ‘லாம்’ தொலைந்துவிட்டது. சேல்ஸ்காரர் அதை வாடிக்கையாளரிடம் வாக்காகவே கொடுத்திருப்பார்.

மென்பொருள் எஸ்டிமேட் வானிலை அறிவிப்பு மாதிரி. இன்றைக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்வது. ஸ்க்ரம் என்ற மென்பொருள் வேலைமுறையை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் 2011-இல் தங்கள் வழிகாட்டியைத் திருத்தியபோது, டீம் ஒரு ஸ்பிரிண்டுக்கு, அதாவது குறுகிய வேலைச் சுற்றுக்கு, எடுக்கும் வேலையை ‘உறுதிமொழி’ என்று சொல்லிவந்ததை மாற்றி ‘முன்கணிப்பு’ என்று வைத்தார்கள். உலகம் முழுக்க மேனேஜர்கள் அதைக் கடன் பத்திரம் போல நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு, அந்த மாற்றம் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

நானும் நீட்டியவன்தான். ஒரு வாடிக்கையாளர் முன்னால் கெத்தாக, “கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குள்ள குடுத்துருவோம்” என்று சொல்லிவிட்டு வந்து டீமிடம் அறிவித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்தார்கள். கொடுத்தும் விட்டோம். பிள்ளைகளைத் தேர் பார்க்கக் கூட்டிப்போக முடியாத ஒருவர் அடுத்த ஆண்டுவரை என்னோடு வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாடிக்கையாளர் அதைத் திறந்து பார்த்ததே பொங்கல் கழிந்துதான்.

இனி இப்படிச் செய்து பாருங்கள். அண்ணனிடம், “எப்ப முடியும்?” என்பதற்குப் பதிலாக, “இதுல உங்களுக்கு இன்னும் தெளிவில்லாதது எது?” என்று கேளுங்கள். ஐந்து வாரம் இழுத்த வேலையில் முதல் நாளே அவருக்கு ஏதோ ஒன்று உறுத்தியிருக்கும். யாரும் கேட்காததால் சொல்லியிருக்க மாட்டார். பிறகு சேல்ஸிடம் ஒற்றைத் தேதி சொல்லாதீர்கள். “ஆகஸ்ட் ரெண்டாவது வாரத்துக்கு முன்ன வராது. செப்டம்பர் முதல் வாரத்தத் தாண்டும்னா எனக்குத் தெரிஞ்ச அன்னைக்கே உங்களக் கூப்பிட்டுச் சொல்றேன்.” இரண்டாவது வாக்கியம்தான் கனமானது, அதைக் காப்பாற்ற வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. கடைசி நாள் காலையில் தெரிந்துகொள்வதை மன்னிப்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை “முடிஞ்சுதா?” என்று மெசேஜ் போடும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். காலையில் டீம் கூடிப் பேசும் ஸ்டாண்டப்பில் ஒருமுறை கேட்டால் போதும். கடிதத்தில் இது இல்லைதான். ஆனாலும் புதிய புராடக்ட் மேனேஜர்களில் இதைச் செய்யாதவரை நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

பழைய கோடுக்கு ஒரு மாதம்

சோம்பேறித்தனம் என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். இதில் நீங்கள் அவர்களைத் தவறாக எடைபோடுகிறீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

தடைக்காலத்தில் குளச்சல் படகுக்காரர் என்ன செய்கிறார்? இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறார், பலகை மாற்றுகிறார், பெயின்ட் அடிக்கிறார், வலை சரிசெய்கிறார். அறுபது நாள் மீன் இல்லாமல் சும்மா கிடக்கிறார் என்று அவரை யாரும் சொல்வதில்லை. உங்கள் இன்ஜினியர்கள் கேட்பதும் அப்படி ஒரு மராமத்துதான். கோடு வெளியே தெரியாது, துரு பிடித்தாலும் கண்ணில் படாது. அதனால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

1992-இல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கப் புரோகிராமர், முதலீட்டுக் கணக்குகளுக்கான மென்பொருள் ஒன்றைப் பற்றி எழுதும்போது இதற்குக் கடன் என்ற உவமையைச் சொன்னார். அவசரத்துக்கு அரைகுறைப் புரிதலோடு எழுதி வெளியிடுவது கடன் வாங்குவது. பிறகு வந்து திருத்தினால் கடன் அடையும். திருத்தாமல் விட்டால் அதன்மேல் செய்கிற ஒவ்வொரு வேலையிலும் வட்டி போகும். அட்வான்ஸ் கணக்கோடு ஐந்து வருடம் புழங்கிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அசலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் படகு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வார வேலை ஐந்து வாரம் ஆனதில் இந்த வட்டி எவ்வளவு என்று அண்ணனிடம் கேளுங்கள்.

அதே சமயம் ‘ஒரு மாதம் கொடுங்கள்’ என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். எதைத் திருத்துகிறார்கள், திருத்தினால் எந்த வேலை லேசாகும், பாதியில் நிறுத்த நேர்ந்தால் என்ன கையில் இருக்கும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. முழுவதையும் இடித்துக் கட்டுகிறேன் என்றால் எனக்கே பயம்தான். துண்டு துண்டாகச் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

எப்போது செய்வது என்பதில் உங்கள் அறிவு உதவும். இரண்டு தடைக்காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற நாட்கள் ஜூன் 1 முதல் ஜூன் 14 வரை. அந்த 14 நாளும் இரண்டு கரையிலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். பில் மிகக் குறைவாக விழும் காலம் உங்களுக்கு அதுதான். வள்ளக்காரர்களின் பில் மட்டும் வரும். ஏப்ரல், மே மாதங்களில் எழுதி, டெஸ்டிங் முடித்து, புதிய பில்லிங்கை ஜூன் முதல் வாரத்தில் மாற்றினால், ஏதாவது பிசகினாலும் திருத்த நாள் இருக்கும். இப்படி ஒரு தேதியோடு போய் அண்ணனிடம் உட்காருங்கள். அவர் மனதில் கோடு இருக்கிறது, உங்கள் மனதில் கடல் இருக்கிறது. இரண்டும் சேராமல் இந்தத் தேதி கிடைக்காது.

எம்.டி. சொல்லும் ‘ரெண்டு பசங்க’ யோசனை நல்ல எண்ணத்தில் சொன்னது. ஆனால் தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று ஐபிஎம்மின் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய பிரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது யார்? அதே அண்ணன்தான். பசங்களை எடுங்கள், இந்த வேலை முடிந்தபிறகு எடுங்கள் என்று எம்.டி.யிடம் சொல்லலாம்.

கோட் படிக்கட்டுமா?

மரியாதைக்காக என்றால் வேண்டாம். ஆறு மாதம் படித்துவிட்டு அண்ணனோடு கோடைப் பற்றி வாதம் செய்தால் இப்போது இருப்பதும் போய்விடும்.

பி.காம். படித்தது குறை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்க்கும் வேலையின் வேரே மென்பொருளில் இல்லை. 1931-இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் என்ற அமெரிக்க சோப்புக் கம்பெனியில், விளம்பரப் பிரிவில் இருந்த நீல் மெக்கல்ராய், ஒவ்வொரு சோப்புக்கும் அதன் நல்லது கெட்டதற்கு முழுப்பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். அங்கிருந்துதான் இந்தப் பதவி பிறந்ததாகச் சொல்வார்கள். அவர் சோப்புக் காய்ச்சத் தெரிந்தவர் இல்லை.

கோடுக்குப் பதில் உங்கள் மென்பொருள் எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மதியம் அண்ணனிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, ஒரு பில் போட்டதிலிருந்து தவணை மெசேஜ் போகும்வரை எது எங்கே பதிகிறது என்று போர்டில் வரையச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். பிறகு டேட்டாபேஸிலிருந்து விவரம் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் கொஞ்சம் படியுங்கள். குளச்சலில் வள்ளக் கணக்கு எத்தனை என்று நீங்களே எடுத்துக்கொண்டால் ஒரு இன்ஜினியரின் அரை மணி நேரம் மிஞ்சும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸைத் தொடாதீர்கள், படிக்க மட்டும் அனுமதியுள்ள நகல் ஒன்று கேளுங்கள். இதைக் கேட்கிற விதத்திலேயே அண்ணனுக்கு உங்கள்மேல் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

எதை யார் முடிவு செய்வது என்பதிலும் உங்களுக்குக் குழப்பம் இருக்கிறது. அவர்கள் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் இல்லை, நீங்களும் அவர்களுக்குக் கீழே இல்லை. எந்தப் பிரச்சினையை, எதற்காக, எதற்கு முன் எதை என்பது உங்கள் முடிவு. எப்படிக் கட்டுவது, எவ்வளவு நாள் பிடிக்கும் என்பது அவர்கள் முடிவு. ஒருவர் முடிவில் மற்றவர் கேள்வி கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

புகாரா, பழைய வேலையா, புது வேலையா?

“உங்களுக்குப் புரியாது” என்ற சொல்லை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு ஆண்கள் இருக்கும் அறையில் ஒரே பெண்ணிடம் அதைச் சொன்னால் குத்தும். அண்ணன் இதே மாதிரி எம்.டி.யிடமும் சேல்ஸ்காரரிடமும் பேசுகிறாரா என்று கவனியுங்கள். எல்லாரிடமும் அப்படித்தான் என்றால் அது விளக்கிச் சலித்த ஆளின் வாய்த்துடுக்கு. உங்களிடம் மட்டும் என்றால் வேறு. அப்போது தேதி, இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு எப்போதாவது பாலியல் தொனிக்குத் திரும்பினால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது அந்த வகை இல்லை என்றாலும், குழு இருக்கிறதா என்று தெரிந்து வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இப்போதைக்கு அவரிடம் தனியாகப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், மற்றவர்கள் முன்னாலும் வேண்டாம். இப்படித் தொடங்கலாம்: “அண்ணா, தடைக்கால விஷயத்துல ஒரு துறைமுகத்த மட்டும் கேட்டுட்டு எழுதினது என் தப்பு. இனி எழுதுறதுக்கு முன்ன பத்து நிமிஷம் உங்ககிட்ட காட்டுறேன். ஆனா எல்லாரு முன்னாலயும் ‘புரியாது’ன்னு சொல்லாதீங்க. புரியிற மாதிரி சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்.” உங்கள் பங்குக்கு மட்டும் வருத்தம் சொன்னால் போதும். அவர்கள் பங்கையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம்.

எம்.டி.யிடம் புகாராகப் போவதில் ஆபத்து இருக்கிறது. சிறு நிறுவனத்தில் முதலாளி, யார் போனால் வேலை நின்றுபோகுமோ அவர் பக்கம் சாய்வார். அதுதான் நடைமுறை. புகாரை விட்டுவிட்டு ஒரு பக்கக் குறிப்போடு போங்கள்: வாடிக்கையாளருக்குத் தேதி சொல்வது யார், டிக்கெட்டை டீம் ஏற்பதற்கு முன் யார் பார்க்க வேண்டும், அவசர வேலை வந்தால் எதை நிறுத்துவது. இந்த மூன்றுக்கும் அவர் வாயால் பதில் வாங்கி எழுதி வைத்துக்கொண்டால், அண்ணனுக்கும் அது பாதுகாப்பு.

சப்போர்ட்டுக்குத் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பத்து மாதத்தில், ஒரு தவறை வைத்து எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டாம். அடுத்த தடைக்காலம் முடியும்வரை இருந்து பாருங்கள். வேறு இடம் தேடுவதானால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். டெக்னோபார்க்கிலோ சென்னையிலோ நேர்முகத்தில், “இன்ஜினியர்களோடு உங்களுக்கு வந்த பெரிய பிணக்கு எது, எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று கேட்க வாய்ப்பு அதிகம். இப்போது கிளம்பினால் அதற்குப் பாதிப் பதில்தான் உங்களிடம் இருக்கும்.

தடைக்கால மெசேஜுக்கு இன்னும் சரியான திருத்தம் போகவில்லை என்று உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அந்த டிக்கெட்டை இந்த முறை நீங்கள் எழுத வேண்டாம். குளச்சல் தம்பிகளில் ஒருவரை எழுதச் சொல்லி நீங்கள் திருத்திக் கொடுங்கள். வள்ளத்துக்குத் தடை இல்லை என்பது அவர் எழுதியதில் வருகிறதா என்று மறக்காமல் பாருங்கள்.